கோடார்டின் 1926 ராக்கெட், மாதிரிக் கிட்: மூன்று வாரம் கட்டிப் பார்த்த பிறகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வாங்கலாம். பொறுமையும் கொஞ்சம் நல்ல வெளிச்சமும் இருந்தால் இதைக் கட்டுகிற மூன்று வாரமும் சந்தோஷமாகப் போகும். ஆனால் பெட்டிக்குள் கூடவே வருகிற புத்தகத்தை நம்பி கோடார்டைத் தெரிந்துகொண்டதாக நினைத்துவிடாதீர்கள், அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். ராபர்ட் கோடார்ட் 1926 மார்ச் 16 அன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆபர்ன் என்ற ஊரில் பறக்கவிட்டாரே, உலகின் முதல் திரவ எரிபொருள் ராக்கெட், அதன் மாதிரி. அசல் ஏறக்குறைய 3 மீட்டர் உயரம். இது ஆறில் ஒரு பங்கு, அதாவது அரை மீட்டர். பறக்காது, அலமாரியில் வைத்துப் பார்ப்பதற்கு மட்டும். ராக்கெட்டோடு அதை ஏவிய குழாய்ச் சட்டமும் சேர்ந்து வருகிறது. நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை, ஒரே ஒரு பெட்டியை வைத்து அவர்களை எடைபோடுவது நியாயமில்லை என்று தோன்றுகிறது. இந்த ராக்கெட்டின் மாதிரியை யார் செய்து விற்றாலும், நான் சொல்வதில் பாதிக்கு மேல் உங்களுக்கு உதவும்.

அண்ணன் மகளுக்குப் பதின்மூன்று வயது. அவளும் நானும் சேர்ந்துதான் கட்டினோம். பெட்டியைத் திறந்து படத்தைப் பார்த்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "சித்தப்பா, இதுல இன்ஜின் மேல இருக்கே, படத்தையே தலைகீழா போட்டுட்டாங்களா?"

நல்ல கேள்வி. யார் பார்த்தாலும் கேட்கிற கேள்விதான், ஏனென்றால் இது ராக்கெட் மாதிரியே இருக்காது. கூர்மையான மூக்கு இல்லை, உடம்பு இல்லை, துடுப்பு இல்லை. இரண்டு மெல்லிய நீளக் குழாய்கள், அவற்றின் உச்சியில் ஒரு சின்ன எரி அறையும் நெருப்பு வெளியே வருகிற வாயான நாசிலும், அடியில் பெட்ரோலுக்கு ஒரு தொட்டி, திரவ ஆக்சிஜனுக்கு ஒரு தொட்டி, அவ்வளவுதான். மேலே இருக்கிற இன்ஜின் கக்குகிற நெருப்பு நேராகக் கீழே இருக்கிற தொட்டியின் மேலேயே விழும் என்பதால் தொட்டிக்கு மேல் கல்நார் போர்த்திய ஒரு கூம்பு. அந்த இரண்டு குழாய்கள்தான் எரிபொருளை மேலே கொண்டுபோகின்றன, அவைதான் ராக்கெட்டின் எலும்புக்கூடும். ஒரு கிராம் எடையைக்கூட வீணாக்காத யோசனை. புத்தகத்தில் படிக்கும்போது இது எனக்கு உறைக்கவே இல்லை. கையில் பித்தளைக் குழாயைப் பிடித்து, இதை எங்கே மாட்டுவது என்று தேடும்போதுதான் உறைத்தது.

சரி, பாகங்களைப் பற்றி. பித்தளைக் குழாய்கள் அருமை, முனைகளில் பிசிறு இல்லை, உப்புத்தாளே தேவைப்படவில்லை. நாசில் பிசினில் வார்த்தது, உள்பக்கம் குறுகி மறுபடி விரிகிற வடிவத்தைக்கூட ஒழுங்காகக் கொடுத்திருக்கிறார்கள். இந்த வடிவத்துக்காகவே நான் அவர்களுக்கு ஒரு நட்சத்திரம் கூடப் போடுவேன், ஏனென்றால் கோடார்டின் பெரிய வேலைகளில் பாதி இதற்குள் இருக்கிறது. அவர் காலத்து வாண ராக்கெட்கள் எரிமருந்தில் இருக்கிற ஆற்றலில் ஏறக்குறைய 2 சதவீதத்தைத்தான் வேகமாக மாற்றின. நீராவி டர்பைனுக்காக சுவீடன் பொறியாளர் டி லாவல் செய்த நாசில் வடிவத்தை எடுத்து, எஃகு அறையில் பொருத்திச் சோதித்து, அதை 60 சதவீதத்துக்கும் மேலே கொண்டுபோனார் கோடார்ட். குறுகுகிற இடத்தில் வாயு ஒலியின் வேகத்தை எட்டும், அதற்கப்புறம் விரிகிற பகுதியில் அதையும் தாண்டி ஓடும். இன்றைக்கும் எந்த ராக்கெட்டின் அடியைப் பார்த்தாலும் அதே மணி வடிவம்தான். கிட்டின் புத்தகத்தில் இதற்கு ஒரு வரி. ஒரே ஒரு வரி!

குறைகள். பசை கொடுக்கவில்லை, நீங்களே வாங்க வேண்டும், பித்தளையும் பிசினும் ஒட்டுகிற வகையாகப் பார்த்து வாங்குங்கள். எங்கள் பெட்டியில் ஒரு நீளக் குழாய் வளைந்து வந்தது. எழுதிக் கேட்டதற்கு மாற்றுக் குழாய் அனுப்பினார்கள், ஆனால் பதினெட்டு நாள் ஆனது, நடுவில் இரண்டு முறை படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள், முதல் படத்திலேயே வளைவு தெளிவாகத் தெரிந்தது. செய்முறைத் தாளில் 14-ஆம் படியின் படம் இடவலம் மாறியிருக்கிறது, அப்படியே பின்பற்றினால் ஆக்சிஜன் குழாய் பெட்ரோல் தொட்டிக்குப் போய்விடும். நாங்கள் ஒட்டுவதற்கு முன்னால் வெறுமனே பொருத்திப் பார்க்கிற வழக்கம் வைத்திருந்ததால் தப்பித்தோம். நீங்களும் 13, 14, 15 மூன்றையும் சேர்த்துப் படித்துவிட்டு அப்புறம் பசையைத் தொடுங்கள்.

ஏவுசட்டம் கொஞ்சம் சலிப்பான வேலை, ஒரே மாதிரிக் குழாய்களை வெட்டி வெட்டி ஒட்டுவது. அந்த நேரத்தில் நான் அவளுக்கு அந்த நாளின் கதையைச் சொன்னேன். உறவுக்காரப் பெண்மணி எஃபி வார்டின் பண்ணை. தரையெல்லாம் பனி. இருந்தவர்கள் நாலே பேர், கோடார்ட், அவர் மனைவி எஸ்தர், உதவிக்கு ஹென்றி சாக்ஸ், கிளார்க் பல்கலைக்கழகத்தில் கோடார்டோடு வேலை பார்த்த பெர்சி ரூப். ஒரு நீளக் கம்பின் முனையில் நெருப்பை வைத்து சாக்ஸ்தான் உச்சியில் இருந்த பற்றவைப்பானைக் கொளுத்தினார். கொளுத்தியாயிற்று, பிடியையும் விட்டாயிற்று, ராக்கெட் எழும்பவில்லை. நெருப்பு வருகிறது, சீராக இரைச்சல் வருகிறது, ஆனால் அங்கேயே நிற்கிறது. காரணம் எளிமையானது, இன்ஜினின் உந்துவிசை முழுத் தொட்டியின் எடையைத் தூக்கப் போதவில்லை. சில விநாடிகள் எரிபொருள் எரிந்து எடை குறைந்த பிறகுதான் மெதுவாகச் சட்டத்தை விட்டு நகர்ந்தது, அப்புறம் ஒரே பாய்ச்சல். 2.5 விநாடி. 12.5 மீட்டர் உயரம். 56 மீட்டர் தள்ளி முட்டைக்கோஸ் தோட்டத்துப் பனியில் போய் விழுந்தது.

எஸ்தரின் கையில் படம்பிடிக்கும் கேமரா இருந்தது, ஆனால் அதில் ஏழு விநாடிக்கான பிலிம்தான். ராக்கெட் எழும்பாமல் நின்ற அந்தச் சில விநாடிகளிலேயே பிலிம் தீர்ந்துவிட்டது. அதனால் மனிதர்களின் முதல் திரவ எரிபொருள் ராக்கெட் பறந்ததற்கு அசையும் படம் இல்லை. நாம் எல்லோரும் பார்த்திருக்கிற அந்தப் புகைப்படம், கனத்த கோட்டு போட்டு, சட்டத்தைப் பிடித்தபடி கோடார்ட் நிற்பது, அதை எடுத்தவரும் எஸ்தர்தான், பறப்பதற்கு முன்னால். கிட்டோடு அந்தப் படத்தின் நல்ல அச்சு ஒன்று வருகிறது, அதற்கு நன்றி. ஆனால் எடுத்தது யார் என்று எங்கேயும் போடவில்லை.

இது எனக்குப் பெரிய வருத்தம். புத்தகத்தில் எஸ்தரின் பெயர் ஒரே ஒரு இடத்தில், "1924-இல் எஸ்தரை மணந்தார்" என்று வருகிறது. சோதனைகளைப் படமெடுத்தவர், பாராசூட் தைத்தவர், குறிப்புகளைத் தட்டச்சு செய்தவர், ராக்கெட் விழுந்து புல்லில் பற்றிய நெருப்பை அணைத்தவர். கோடார்ட் பெயரில் இருக்கிற 214 காப்புரிமைகளில் 131 அவர் இறந்த பிறகு வந்தவை, அவற்றுக்காகப் பாடுபட்டவர் இந்த அம்மாதான். 1960-இல் அமெரிக்க அரசு அந்தக் காப்புரிமைகளைப் பயன்படுத்தியதற்காக 10 லட்சம் டாலர் கொடுத்தது. இவ்வளவும் ஒரு வரியில் கல்யாணமாக முடிந்துவிட்டது.

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன், இன்ஜின் ஏன் மேலே?

கிட்டின் புத்தகம் சொல்வது: "இன்ஜினை மேலே வைத்து இழுப்பதால் ராக்கெட் நிலைத்தன்மையோடு பறந்தது." இது தவறு. தவறு மட்டுமில்லை, கோடார்டிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டிய முக்கியமான ஒன்றை அப்படியே மறைக்கிற தவறு. கோடார்ட் அப்படி எதிர்பார்த்துத்தான் மேலே வைத்தார் என்பது சரி. கீழே இருந்து தள்ளினால் சாய்ந்துவிடும், மேலே இருந்து இழுத்தால் ஊசல் மாதிரி தொங்கி நேராகவே போகும் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் ஊசல் தொங்குகிற ஆணி அசையாது. ஒரு குச்சியின் மேல்முனையை இரண்டு விரலால் பிடித்துத் தொங்கவிடுங்கள், குச்சி ஆடினாலும் உங்கள் கை நேராக மேலேயே இழுத்துக்கொண்டிருக்கும், அதனால் குச்சி திரும்பி நேராகிவிடும். ராக்கெட்டில் இன்ஜின் உடம்போடு இறுக்கமாக முடுக்கப்பட்டிருக்கிறது. உடம்பு சாய்ந்தால் இன்ஜினும் அதே அளவு சாயும், உந்துவிசையும் சாய்ந்த பக்கமே இழுக்கும். மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் ஒன்றுதான், நிமிர்த்துவதற்கு எந்த விசையும் இல்லை. புவியீர்ப்பும் உதவாது, அது ராக்கெட்டின் எடை மையத்தில் இழுக்கிறது, அந்த மையத்தைச் சுற்றி அதைத் திருப்பாது.

அன்று ஆபர்னில் நடந்ததும் அதுதான். ராக்கெட் நேராகப் போகவில்லை, இடது பக்கமாக வளைந்து போய் விழுந்தது. அடுத்தடுத்த ராக்கெட்களில் கோடார்ட் இன்ஜினை அடிக்குக் கொண்டுபோனார், நேராகப் பறக்க வைக்கிற வேலையை ஜைரோஸ்கோப்பிடம் கொடுத்தார். சுழலுகிற ஜைரோஸ்கோப் திசை மாறாமல் இருக்கும், ராக்கெட் சாய்ந்தால் அது கண்டுபிடித்து, நாசிலிலிருந்து வருகிற நெருப்புக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் தகடுகளைத் திருப்பும், நெருப்பின் திசை மாறி ராக்கெட் நிமிரும். 1932-இல் முதல் முயற்சி, 1935 மார்ச்சில் அது ஒழுங்காக வேலை செய்தது. ஒன்பது வருஷம். தன் முதல் எண்ணம் தப்பு என்று ஒப்புக்கொண்டு அதற்கு விடை கண்டுபிடிக்க அந்த மனிதர் செலவழித்த ஒன்பது வருஷத்தைப் புத்தகம் "நிலைத்தன்மையோடு பறந்தது" என்ற இரண்டு சொல்லில் துடைத்துப் போட்டுவிட்டது.

அண்ணன் மகளிடம் இதை விளக்க அரை மணி நேரம் ஆனது. குச்சியைத் தொங்கவிட்டுக் காட்டினேன், நம்பினாள். உடம்போடு இறுகிய இன்ஜின் என்றதும் குழம்பினாள். கடைசியில் அவளே கட்டிய மாதிரியைக் கையில் எடுத்துச் சாய்த்து, "நாசிலும் கூடவே சாயுதே" என்றாள். இந்தக் கிட்டின் விலை எனக்கு அந்த இடத்திலேயே திரும்பி வந்துவிட்டது.

புத்தகத்தின் மீதிப் பக்கங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மொத்தம் 24 பக்கம். முதல் எட்டுப் பக்கம் சிறுவயது, அது நன்றாகவே இருக்கிறது. 1882 அக்டோபர் 5 அன்று வூஸ்டரில் பிறந்தது, பதினேழு வயதில், 1899 அக்டோபர் 19 அன்று, கிளை வெட்ட செர்ரி மரத்தில் ஏறி, செவ்வாய்க்குப் போகிற ஒரு கருவியைச் செய்தால் எப்படியிருக்கும் என்று யோசித்தது, இறங்கும்போது வேறு ஆளாக இறங்கியதாக உணர்ந்தது. அந்த நாளை அவர் வாழ்நாள் முழுக்க ஆண்டுவிழா மாதிரி நினைவில் வைத்திருந்தார். இதையெல்லாம் எழுதியவர்கள் 1938-இல் புயலில் அந்த மரம் விழுந்ததையும், இனித் தனியாகத்தான் தொடர வேண்டும் என்று அவர் நாட்குறிப்பில் எழுதியதையும் விட்டுவிட்டார்கள். எனக்கு அந்த மனிதரை ரொம்ப நெருக்கமாகக் காட்டியதே அந்தக் குறிப்புதான்.

1913-இல் காசநோய் வந்து படுத்ததும், தேறிவருகிற நாட்களிலேயே யோசித்ததைக் காப்புரிமையாக்கியதும் ஓரளவு இருக்கின்றன. 1914 ஜூலையில் இரண்டு காப்புரிமைகள், ஒன்று பல அடுக்கு ராக்கெட்டுக்கு, இன்னொன்று திரவ எரிபொருளுக்கு. இன்று விண்வெளிக்குப் போகிற எந்தப் பெரிய ராக்கெட்டை எடுத்தாலும் இந்த இரண்டு யோசனைகளில் ஒன்றாவது உள்ளே இருக்கும்.

நியூயார்க் டைம்ஸ் கதையும் இருக்கிறது, அரைகுறையாக. 1920 ஜனவரி 13 அன்று அந்தப் பத்திரிகை தலையங்கம் எழுதி, வெற்றிடத்தில் தள்ளுவதற்கு எதுவும் இல்லாதபோது ராக்கெட் எப்படிப் போகும், பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரிகிற பாடம்கூட இவருக்குத் தெரியவில்லை என்றது. தாங்கள் எழுதியது தவறு என்று அவர்கள் திருத்தம் வெளியிட்டது 1969 ஜூலை 17 அன்று, அப்போலோ 11 கிளம்பிய மறுநாள். புத்தகம் இதைச் சொல்லும் விதத்தைப் படித்தால் கோடார்ட் உயிரோடு இருந்து அதைப் பார்த்த மாதிரித் தோன்றுகிறது. அவர் 1945 ஆகஸ்ட் 10 அன்றே தொண்டைப் புற்றுநோயில் போய்விட்டார். இதைவிட முக்கியம், அந்தக் கேள்விக்கு அவர் தலையங்கம் வருவதற்கு முன்னாலேயே சோதனையில் பதில் கண்டுவிட்டார். காற்றை உறிஞ்சி எடுத்த குழாய்க்குள் சிறு எரி அறைகளை வைத்து எரித்து அளந்து பார்த்தார், உந்துவிசை குறையவில்லை, கூடத்தான் செய்தது. ராக்கெட் காற்றைத் தள்ளிப் போவதில்லை, தன்னிடமிருந்து வெளியேறும் வாயுவைத் தள்ளித்தான் போகிறது. இந்தச் சோதனை புத்தகத்தில் கிடையாது. கேலியை மட்டும் போட்டு, கேலிக்கு அவர் கையில் ஏற்கெனவே இருந்த பதிலை விட்டால் படிக்கிற பிள்ளைக்கு என்ன தெரியும்?

அதற்கப்புறம் பக்கங்கள் பறக்கின்றன. 1929-இல் காற்றழுத்தமானியும் கேமராவும் ஏற்றி ஒரு ராக்கெட்டை விட்டார், சத்தத்தில் அக்கம்பக்கத்தார் விமானம் விழுந்துவிட்டது என்று பயந்தார்கள், மாநிலத்தில் இனி ஏவக் கூடாது என்றாகிவிட்டது. விமானி சார்லஸ் லிண்ட்பெர்க் தேடி வந்து பார்த்தார், அவர் மூலமாக குகன்ஹைம் குடும்பத்தின் நிதி கிடைத்தது, 1930-இல் நியூ மெக்சிகோவின் ராஸ்வெல்லுக்குக் குடிபெயர்ந்தார். பரந்த வெட்டவெளி, தொந்தரவு இல்லை. அங்கே போன பிறகுதான் ராக்கெட்கள் உண்மையில் ராக்கெட்களாயின, 1937-இல் ஒன்று இரண்டரைக் கிலோமீட்டருக்கு மேலே போனது. இத்தனைக்கும் புத்தகத்தில் ஒரே ஒரு பத்தி. 1926-ஐத் தாண்டினால் நேராக நிலாவுக்குத் தாவிவிடுகிறார்கள், நடுவில் இருபது வருஷ உழைப்பைக் காணோம்.

ஒரு விஷயத்தில் கோடார்ட் மேலேயே எனக்கு மனத்தாங்கல் உண்டு. கேலிக்குப் பிறகு அவர் வாயை மூடிக்கொண்டார். 1926-இல் பறந்ததன் விவரத்தை 1936-இல்தான் அச்சில் வெளியிட்டார், பத்து வருஷம். தனியாக, இரண்டு மூன்று உதவியாளர்களோடு எல்லாவற்றையும் தானே செய்தார். வெளியே சொல்லியிருந்தால் வேலை இன்னும் வேகமாக நடந்திருக்கும் என்று நான் நம்புகிறேன். அவமானப்பட்ட ஒருவரைக் குறை சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் இதைப் பற்றி ஒரு பக்கமாவது எழுதியிருக்க வேண்டும், ஏனென்றால் பிள்ளைகள் கேட்பார்கள், எங்கள் வீட்டில் கேட்டாள்.

மறுபடி கிட்டுக்கு. பெயிண்ட் அடிக்க விரும்பினால் எல்லாப் பாகத்தையும் ஒட்டுவதற்கு முன்னால் அடித்துவிடுங்கள், கூம்பை மாட்டியபின் தொட்டியின் மேல்பகுதிக்குத் தூரிகை போகாது. கல்நார் போர்வைக்கு அவர்கள் கொடுத்திருக்கும் வெள்ளைத் தாள் பொருத்தமாக இல்லை, நாங்கள் பழைய பருத்தித் துணியைப் பசைத் தண்ணீரில் நனைத்துச் சுற்றினோம், நன்றாக வந்தது. அடியில் வருகிற சின்ன ஆல்கஹால் அடுப்பைத் தொலைத்துவிடாதீர்கள், அது ஒரு பட்டாணி அளவுதான். திரவ ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரியில் கொதிப்பது, அதைச் சூடாக்கி ஆவியாக்கி அந்த அழுத்தத்தால்தான் இரண்டு திரவங்களும் மேலே ஏறின, பம்ப் எதுவும் இல்லை. அந்தப் பட்டாணியை விட்டுவிட்டால் மாதிரியில் ராக்கெட் ஏன் வேலை செய்தது என்பதே விட்டுப்போகும்.

வயது பன்னிரண்டுக்கு மேல் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. தனியாகக் கட்டுவதற்குப் பதினைந்தாவது ஆக வேண்டும், பெரியவர் ஒருவர் கூட உட்கார்ந்தால் பன்னிரண்டு சரி. பாகங்களுக்கு ஐந்தில் நாலரை, செய்முறைத் தாளுக்கு மூன்று, வாடிக்கையாளர் சேவைக்கு இரண்டு, புத்தகத்துக்கு ஒன்றரை.

புத்தகத்தைத் தூக்கிப் போடவில்லை. அண்ணன் மகள் அதன் 11-ஆம் பக்கத்தில், "நிலைத்தன்மையோடு பறந்தது" என்ற வரிக்குப் பக்கத்தில் ஒரு துண்டுத்தாள் ஒட்டி, "இல்லை, இடது பக்கம் வளைந்தது" என்று எழுதி, ஒரு சாய்ந்த ராக்கெட்டையும் வரைந்து வைத்திருக்கிறாள். புகைப்படத்தின் அடியிலும் எழுதியாயிற்று: எடுத்தவர் எஸ்தர் கோடார்ட். நிறுவனத்துக்கும் இரண்டு திருத்தங்களையும் அனுப்பியிருக்கிறோம், பதில் வந்தால் இங்கேயே சேர்க்கிறேன்.